அம்மா பேரில் போன நோய்

கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாடு நாறுமா? எங்கள் தெருக் கோடியில் ஒரு வீட்டில் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சிப் பசை எடுப்பார்கள். ஆரணி பஜாரிலிருந்து சேவூருக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். நாங்கள் அந்த ஆவிக்குள்ளேயே உட்கார்ந்து இட்லி தின்போம். எங்களுக்கு அது ஒரு வாசனையே இல்லை. அதனால்தான், எனக்குப் பத்தொன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் அந்த வாசனை திடீரென்று மூக்கில் ஏறியதும் பயந்துபோனேன். மூன்று நாளாக அடைமழை. காய்ச்சுகிற வீட்டில் அடுப்பே மூட்டவில்லை.

நான் தறியில் உட்கார்ந்திருந்தேன். வாசனைக்குப் பின்னால் அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சுக்கு ஏறியது. தேர்த் திருவிழா ராட்டினம் மேலேயிருந்து கீழே இறங்கும்போது வருமே, அந்த மாதிரி. அவ்வளவுதான் நினைவு. மறுபடி கண் தெளிந்தபோது குறுக்கே ஊடை நூல் ஓட்டுகிற நாடா என் கையில் இருந்தது, கால் மிதியில் இருந்தது, எதிரே ஒரு விரற்கடை அகலத்துக்குப் புடவை புதிதாக வளர்ந்திருந்தது. நெய்தது நானாகத்தான் இருக்க வேண்டும், அங்கே வேறு ஆள் இல்லை. ஆனால் ஊடை நூலை அடித்திருந்த விதம் என்னுடையது இல்லை. நான் மெதுவாக அடிப்பவள். அந்த விரற்கடை மட்டும் பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. தடவிப் பார்த்தேன். வேறு யாருடைய கையையோ தொட்ட மாதிரி இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

இரண்டு பக்கமும் வேறு நிறத்தில் கரை வைத்த புடவை என்றால் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்காருவார். கரைக்கு நாடா வாங்கித் தள்ளுகிறவர் பக்கத்தில் உட்காருவார். எங்கள் வீட்டுத் தறியில் அந்த ஆளின் இடம் இடது பக்கம். அந்த வருஷம் நான் நெய்துகொண்டிருந்தது ஒரே நிறப் புடவை, இடது பக்கம் காலி. ஆனாலும் வாசனை வந்து கண் மங்குவதற்குள் ஒரு கணம், அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறேன் என்று சொல்ல முடியாது. இருட்டறைக்குள் நுழையும்போதே உள்ளே யாரோ இருப்பது தெரியுமே, அப்படித் தெரியும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் என் பக்கம் நீட்டி, நாடாவுக்காகக் காத்திருப்பாள்.

நான் கொடுத்துவிடுவேன் போலிருக்கிறது. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்துத் தறியில் இருந்த அவர்தான் முதலில் அதைப் பார்த்தார்.

"ஏ பொண்ணு, யாருக்குடி நீட்டிகினு கீற?" என்று கேட்டாராம். நான் பதில் சொல்லவில்லையாம். வாயில் வெற்றிலை இருக்கிற மாதிரி மென்றேனாம், முந்தானையைக் கிள்ளிக் கிள்ளி விட்டேனாம், கண் சுவரைப் பார்த்தே இருந்ததாம். எனக்குத் தெளிந்த பிறகு நைனா அதையெல்லாம் செய்து காட்டிச் சிரித்தார். நல்ல மனுஷர், எதற்கும் சிரிப்பார். அப்போது கதவோரம் அம்மா நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பேய் பிடித்துவிட்டது என்று பயப்படுகிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இத வெளிய எவ கிட்டயும் சொல்லிகினு திரியாத" என்றாள். களம்பூரில் ரைஸ் மில்லில் கணக்கு பார்க்கிற ஒரு மாப்பிள்ளையை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சம்பந்தம் பிறகு நின்றுபோனதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அன்றைக்கு அம்மாவுக்கு அதுதான் உலகம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் சட்டமாகப் போட்டதில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் நடக்கும். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு உடம்புக்கு வந்தால் அது அம்மா பேரில்தான் டாக்டரிடம் போகும். வயிற்று வலியோ, தீட்டுக் கோளாறோ, மயக்கமோ, எதுவானாலும் அம்மா போய், "எனக்குத்தாங்க" என்று மருந்து வாங்கி வந்து மகளுக்குக் கொடுப்பாள். பஜார் டாக்டரின் கம்பவுண்டருக்கு நாக்கு நீளம். அவர் காதில் விழுந்தது மறுநாள் களம்பூர் பஸ்ஸில் ஏறிவிடும். அந்த டாக்டரிடம் கேட்டால், ஆரணி சுற்று வட்டாரத்தில் கன்னிப் பெண்களுக்கு நோயே வருவதில்லை, அம்மாக்கள்தான் நோய் மூட்டைகள் என்று சத்தியம் செய்திருப்பார்.

அப்படித்தான் நாங்களும் போனோம். கம்பவுண்டர், "யாருக்கு?" என்றார். "எனக்குத்தான்" என்றாள் அம்மா. நான் துணைக்கு வந்த பெண்ணாகப் பக்கத்தில் நின்றேன். முதல் தடவை எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. வீட்டில் நான் சொல்லிக்கொடுத்ததை அம்மா அழகாக ஒப்பித்தாள். வாசனை, வயிறு, மறதி, எல்லாம். டாக்டர் நாடி பிடித்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இப்டித்தாம்மா இருக்கும். தீட்டு நிக்கிற காலம்" என்று சொல்லி ஒரு டானிக்கும், தூங்குவதற்கு மாத்திரையும் எழுதினார். தீட்டு நிற்கிற காலத்துக்கான மருந்தைப் பத்தொன்பது வயதில் நான் விழுங்கினேன்.

விழுங்கி விழுங்கித் தூங்கினேன். தறியில் தூங்கினேன், பாத்திரம் தேய்க்கிற இடத்தில் தூங்கினேன். வாசனை மட்டும் தூங்கவில்லை. மாதத்துக்கு இரண்டு தரம் வந்தது வாரத்துக்கு இரண்டு தரம் வர ஆரம்பித்தது. மறுபடி மறுபடி டாக்டரிடம் போனோம். ஒவ்வொரு முறையும் அம்மா இன்னும் நன்றாகச் சொன்னாள். அங்கேதான் எனக்குள் முதல் குளிர் இறங்கியது.

"ஒதடு மரத்துப் போவுதுங்க டாக்டர்" என்றாள் ஒரு நாள். "அது தெளிஞ்ச அப்பறம் கொஞ்ச நேரத்துக்குப் பேர் வாய்ல வராதுங்க. தண்ணின்னு சொல்ல நெனப்பேன், தண்ணிக்குப் பேர் இன்னான்னே தெரியாது."

இதை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. ஆனால் உண்மை, ஒரு எழுத்து பிசகாமல் உண்மை. என் உதடு மரத்துப்போவது வெளியே நின்று பார்க்கிற அம்மாவுக்கு எப்படித் தெரியும்? திரும்பி நடந்து வரும்போது கேட்டேன். "பெத்தவளுக்குத் தெரியாதா" என்று முடித்துவிட்டாள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. என் நோய் என்னை விட்டு நகர்ந்து அவளுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது. கேட்டால் சிரிப்பீர்கள். டாக்டர் அவள் கண்ணைப் பார்க்கிறார், அவள் நெஞ்சில் குழாயை வைக்கிறார், அவளைத்தான் விசாரிக்கிறார். அந்த அறையில் நோய் என்று ஒன்று இருந்தால் அது அம்மாவிடம்தான் இருந்தது. நான் யார்? மூலையில் நிற்கிற ஒரு குடை.

ஒரு சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. நைனா நூல் வாங்கப் போயிருந்தார். விளக்கேற்றத் தீப்பெட்டி தேடிச் சமையலறைக்குள் போனேன். அடுப்பு வெளிச்சத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். கண் சுவரில் இருந்தது. வாய் எதையோ மென்றது. விரல்கள் முந்தானையைக் கிள்ளிக் கிள்ளி விட்டன. நைனா செய்து காட்டிய என் முகத்தை அம்மா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தோளைத் தொட்டேன். தூணைத் தொட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கண் அசைந்தது, என்னைப் பார்த்தது, நான் யார் என்று தேடியது. பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா இது, ஒத்திகையா?" என்றேன்.

"ஆமாண்டி" என்று சிரித்தாள். "டாக்டர் கேட்டா செஞ்சி காட்ட வேணாமா?"

நம்பினேன். நம்பியதோடு எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, சாதாரணக் கோபம் இல்லை. என் நோயை எடுத்துக்கொண்டாள், பேச்சை எடுத்துக்கொண்டாள், இப்போது முகத்தையும் எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவளுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. வேலை நடுவில் சட்டென்று எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் புழக்கடைக்குப் போய்விடுவாள். "உங்கம்மாவுக்குப் புழக்கடையில இன்னா புதையலா கீது?" என்று நைனா கிண்டல் செய்வார். நான் பிறந்ததிலிருந்து பார்ப்பது, அதனால் நானும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

பிறகு கஞ்சி வடிக்கும்போது அது வந்தது. வாசனை, வயிறு, இடது பக்கம் அந்தப் பெண். தெளிந்தபோது என் இடது கை மணிக்கட்டு வரை கொதிக்கிற கஞ்சிக்குள் இருந்தது. அதை அங்கே வைத்தது எந்தக் கணக்கில் என்று எனக்குத் தெரியாது. ஒரு கணம் வலியே இல்லை, அந்தக் கையை யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வலி வந்தது. தெருவே கூடிவிட்டது. கஞ்சி கொட்டிவிட்டது என்று அம்மா எல்லாருக்கும் சொன்னாள்.

கை கட்டுக்குள் போனதும்தான் எனக்குச் சாவு பயம் வந்தது. அடுத்த தடவை கிணற்றடியில் நிற்கும்போது வந்தால்? அந்தப் பட்டு காய்ச்சுகிற கொப்பரை ஓரத்தில் வந்தால்? அம்மா பேரில் வருகிற மாத்திரையா வந்து பிடிக்கும்?

மயக்கம் அதிகமாகிறது என்று அம்மா போய்ச் சொன்னதும், பஜார் டாக்டர் அவளை நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். அந்த நரம்பு டாக்டர் வேலூரிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் வந்து, பஜாரில் ஒரு மருந்துக் கடையின் பின்னறையில் நோயாளிகளைப் பார்ப்பார். களம்பூர்க்காரர்கள் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த வாரம் அது. டவுன் பஸ்ஸில் அம்மா என் கட்டுப் போட்ட கையைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டே வந்தாள்.

"நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கிறேன்" என்றாள்.

மருந்துக் கடைக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரு பச்சைத் திரைதான். திரைக்கு வெளியே பெஞ்சில் ஜனம் காத்திருந்தது. உள்ளே டாக்டர் வயதில் சின்னவர், களைத்த முகம். பொறுமையாகக் கேட்டார். அம்மா சொன்னாள். இதுவரை சொன்னதிலெல்லாம் இதுதான் சிறந்தது. டாக்டர் தலையாட்டியபடியே எழுதினார். அம்மா முட்டியில் சின்னச் சுத்தியால் தட்டினார், கண்ணில் டார்ச் அடித்தார், அவளை நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நான் குடை மாதிரி நின்றேன்.

"இது வலிப்புல ஒரு வகைம்மா" என்றார். "கை கால் இழுக்காது, நெனவு மட்டும் தப்பும். வேலூர் வந்து தலையில ஒயர் வெச்சி ஒரு டெஸ்ட் எடுத்துக்குங்க. அதுக்குள்ள ஒரு மாத்திர தரேன். உங்க வயசுக்கும் எடைக்கும் பார்த்து எழுதறது இது. வேற யாரும் தொடக் கூடாது, ஆபத்து."

"சரிங்க" என்றாள் அம்மா.

அந்த "சரிங்க" எனக்குத் தாங்கவில்லை. அவ்வளவு எளிதாகச் சொன்னாள். அந்த மாத்திரையை அன்று ராத்திரி என் உள்ளங்கையில்தான் வைப்பாள். வேலூரில் ஒயரைத் தன் தலையில் வைத்துக்கொள்வாள். அப்போதுதான் டாக்டர் என் கையைப் பார்த்தார்.

"உனக்கு இன்னாம்மா கையில?"

"கஞ்சி கொட்டிகிச்சிங்க" என்றாள் அம்மா.

"கொட்டல" என்றேன்.

என் குரல் எனக்கே பழக்கமில்லாத இடத்திலிருந்து வந்தது. "நானே கைய உள்ள வெச்சிகினு இருந்திருக்கேன். எனக்குத் தெரியல. நோவு அவங்களுக்கு இல்லிங்க டாக்டர். எனக்கு. மொதல்லேர்ந்தே எனக்குத்தான்."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஒரு மூச்சுக்கூடத் தவறாமல் அவரைப் பார்த்து, "பாவம் டாக்டர்" என்றாள். "என்னப் பாத்துப் பாத்து இதுக்கும் மனசு கெட்டுப் போச்சு. எனக்கு வர்றதெல்லாம் தனக்கு வர்ற மாதிரி சொல்லிகினு கீது."

பேயைப் பற்றி எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன். எதிலும் அந்த ஒரு நிமிஷத்தில் இருந்த பயம் இல்லை. நான் நிஜம் என்று காட்ட என்னிடம் ஒன்றுமே இல்லை.

"சரி, நீ சொல்லு" என்றார் டாக்டர். "வர்றதுக்கு முன்னாடி இன்னா தெரியும்?"

சொன்னேன். பட்டு காய்ச்சுகிற வாசனை, அடிவயிறு, உதடு. சொல்லச் சொல்ல அவர் முகத்தில் எழுதியிருந்தது எனக்குப் புரிந்தது. எல்லாம் அம்மா இப்போதுதான் சொன்னது. என் சொந்த நோயை நான் அம்மாவைப் பார்த்துக் காப்பியடிக்கிறேன். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. இனி பேய் என்று சொன்னாலும் சொல்லட்டும், களம்பூர் என்ன, உலகமே கேட்கட்டும் என்று யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன்.

"எடது பக்கம் ஒரு பொம்பள வந்து உக்காருவாங்க. தறியில நாடா வாங்கறவங்க உக்கார்ற எடத்துல. அடுப்பாண்டன்னாலும் எடது பக்கந்தான். கைய நீட்டிகினு இருப்பாங்க. அதுக்கப்பறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. இத நான் எங்கம்மாவுக்குக்கூட சொன்னதில்ல."

டாக்டர் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த நோயில் சிலருக்கு அப்படித் தோன்றும் என்றும், பயப்பட வேண்டியதில்லை என்றும் சொன்னார். "அவங்க மொகம் தெரியுமா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்தது.

"தெரியாதுங்க" என்றாள் அம்மா. "அந்தப் பக்கம் திருப்பிக்கினு இருப்பாங்க."

அது ஒப்பிக்கிற குரல் இல்லை. தூக்கத்தில் பேசுகிற குரல். முகம் திரும்பியிருக்கும் என்பதை இந்தப் பூமியில் நான் ஒருத்திதான் அறிவேன் என்று இருந்தேன். அம்மா தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டாள். அதற்குள் சொல் வெளியே வந்துவிட்டது.

எல்லாம் ஒரே நேரத்தில் என்மேல் விழுந்தது. அடுப்படியில் நான் பார்த்தது ஒத்திகை இல்லை. உதடு மரத்தது அவள் உதடு. தண்ணீருக்குப் பெயர் மறந்தது அவளுக்கு. வாசனை வந்ததும் புழக்கடைக்கு ஓடி, அது முடியும்வரை ஒளிந்திருந்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்காக அவள் சொன்ன பொய்யெல்லாம் அவளைப் பற்றிய நிஜம். வாங்கி வந்த மாத்திரையில் ஒன்றைக்கூட அவள் வாயில் போட்டதில்லை. எல்லாம் எனக்கே கொடுத்தாள்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் டாக்டர் மெதுவாக.

அம்மா என்னைப் பார்த்தாள். இத்தனை மாதம் நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அதே பார்வை. நீ சொல்லிவிடு என்றது. டாக்டரும் என்னைப் பார்த்தார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம், அவள் பட்ட பாட்டுக்கு அந்த உதவியைச் செய்யலாம் என்றுதான் மனசு துடித்தது. ஆனால் ஒருவர் நோயை இன்னொருவர் சொன்னால் என்ன ஆகும் என்பது என் கையில் கட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீயே சொல்லும்மா" என்றேன்.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பெஞ்சில் எல்லாக் காதும் திரைப் பக்கம் திரும்பியிருந்தது. அங்கே பஜார் டாக்டரின் கம்பவுண்டருக்கு அக்கா முறையாகிற ஒரு அம்மாளும் இருந்தாள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல், நான் அதுவரை கேட்டிராத சின்னக் குரல், கேட்டது.

"எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாதுங்க. கட்டிகினு வந்த நாள்லேர்ந்து தெரியாது."

மருந்துக் கடைக்காரர் மேஜைமேல் ரேடியோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நான் அவரிடம் போய், "அண்ணே, கொஞ்சம் சத்தமா வைங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் நகரவில்லை. வைத்தார்.